மூன்று குதிரை, ஒரே பணப்பை: சின்ன லாயத்தில் பயிற்சியையும் செலவையும் எப்படிச் சேர்த்து ஓட்டுகிறீர்கள்?

அதிகாலை லாயம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. நாலு பாக்ஸ் உள்ள சின்ன லாயம் என்னுடையது. இப்போது மூன்று பந்தயக் குதிரைகள் நிற்கின்றன. ட்ரெய்னர் உரிமம் என் பேரில். குதிரை பார்க்க முழுநேரமாக ஒருவர், காலையில் மட்டும் வந்துபோகும் ரைடர் ஒருவர், அப்புறம் நான்.

முதல் குதிரை ஐந்து வயது கெல்டிங் (காயடித்த ஆண் குதிரை), என்னுடையது. பெரிய வேகம் கிடையாது. ஆனால் ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் போகும், மூன்றாவதோ நாலாவதோ வந்துவிட்டுத் திரும்பி வந்து தீவனத்தை ஒழுங்காகத் தின்னும். இரண்டாவது மூன்று வயது ஃபில்லி (இளம் பெண் குதிரை), பதற்றக்காரி, வேறொருவருடையவள். வேலை முடிந்து திரும்பும்போது சில நாள் பின்பக்கத் தசை இறுகிப்போய் அடியெடுத்து வைக்கவே மாட்டாள். மூன்றாவது இரண்டு வயது ஃபில்லி. அவளும் என் சொந்தக் குதிரை. கையிருப்பு முழுவதையும் போட்டு வாங்கினேன்.

போன வாரம் சின்னவளின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே எலும்பின் முன்பக்கத்தை அழுத்தினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நேற்று ட்ராட்டில் (சிறு ஓட்டத்தில்) அடி குறுகிவிட்டது. இரண்டு காலிலும் இருக்கிறது, இடதில் அதிகம். அதே வாரத்தில் தீவனக் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டுவிட்டார். நடுவில் உள்ள ஃபில்லியின் ஓனர் இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை.

எங்கே குறைப்பது என்று தெரியவில்லை. லாடத்தை நாலு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குத் தள்ளலாமா? பல் ராவுவதை அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடலாமா? உலர்புல்லை மலிவானதாக மாற்றலாமா? குதிரை பார்ப்பவரை நிறுத்திவிட்டு அந்த வேலையையும் நானே செய்யலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சின்னவளுக்கு வந்தது என் தவறா?

---

ஆறு ஃபர்லாங்

ஷின் தான், முன்னங்கால் எலும்பின் முன்பக்கம் புண்ணாவது. இரண்டு வயதில் வராத குதிரையைத்தான் தேட வேண்டும். ஒரு மாதம் பாக்ஸில் நிற்க வையுங்கள், சரியாகிவிடும். அதுவரை என்ன வேலை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

---

அதிகாலை லாயம்

ஏழு வாரம் தினமும் மெதுவான கேன்டர் (மிதமான ஓட்டம்). முதலில் ஒன்றரைக் கிலோமீட்டர், பிறகு மூன்று வரை ஏற்றினேன். உடம்பு நன்றாகக் கட்டியது, மூச்சும் நன்றாக வந்தது. அதனால் எட்டாவது வாரம் வேகம் பார்க்கலாம் என்று மூன்று ஃபர்லாங் (சுமார் அறுநூறு மீட்டர்) விட்டேன். ஏறக்குறைய முழு வேகம். பத்து நாளில் அப்படி மூன்று முறை. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் இது.

---

குளம்படி

கால்நடை மருத்துவர், பந்தய லாயங்களுக்குப் போகிறவள். எக்ஸ்ரே பார்க்காமல் எந்தக் காலைப் பற்றியும் முடிவு சொல்ல மாட்டேன், உங்கள் மருத்துவரை வைத்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் காரணம் தெளிவாகத் தெரிகிறது.

எலும்பு உயிருள்ள பொருள். எந்தச் சுமை வருகிறதோ அந்தச் சுமைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். மெதுவான கேன்டரில் அந்த எலும்பு ஒரு விதமாக வளைகிறது, வேகமான காலப்பில் (பாய்ச்சல் ஓட்டத்தில்) வேறு விதமாக வளைகிறது. ஏழு வாரம் நீங்கள் எலும்புக்குக் கற்றுக்கொடுத்தது கேன்டரை மட்டும். இதயமும் நுரையீரலும் தசையும் அந்த ஏழு வாரத்தில் தேறிவிடும். எலும்பு அந்த வேகத்தில் தேறாது. உடம்பு "நான் தயார்" என்று காட்டியது உண்மை. ஆனால் எலும்பு வேகத்தை எட்டாவது வாரம்தான் முதல்முதலாகச் சந்தித்திருக்கிறது, அதுவும் மூன்று ஃபர்லாங்காக, பத்து நாளில் மூன்று முறை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டேவிட் நுனமேக்கர் குழு இதைப் பல வருடம் ஆராய்ந்தது. அவர்கள் சொன்ன வழி இதுதான்: பயிற்சியின் ஆரம்பத்திலிருந்தே வேகத்தை மிகச் சிறிய அளவில் கொடுக்க வேண்டும். வழக்கமான காலப்பின் கடைசி ஒரு ஃபர்லாங்கை மட்டும் 15 வினாடியில் விடுவது, வாரம் இரண்டு முறை, சில வாரங்களுக்கு. பிறகு இரண்டு ஃபர்லாங்கை 30 வினாடியில். அதற்கும் பிறகுதான் தூரத்தைக் கூட்டுவது. இப்படி வளர்த்த குதிரைகளில் ஷின் தொல்லை குறைந்தது.

ஆறு ஃபர்லாங் சொன்ன "ஒரு மாதம் பாக்ஸில் நிறுத்து" என்பதை ஏற்க முடியவில்லை. நின்றால் வலி போகும், சரி. ஆனால் சுமையே இல்லாத எலும்பு இன்னும் இளைக்கும். உடம்பு பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், அந்த இடத்தில் புது எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். ஒரு மாதம் நின்ற குதிரையைக் கூட்டிவந்து அதே வேலையைக் கொடுத்தால் அதே இடத்தில் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் விரிசல் இல்லை என்றால் வீக்கமும் சூடும் இறங்கும்வரை கையில் பிடித்து நடை, பிறகு நடையும் ட்ராட்டும், பிறகு மெல்ல மேலே.

உங்கள் தவறா என்று கேட்டீர்கள். பெரும்பாலான லாயங்களில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். இனி செய்யாதீர்கள்.

---

பழைய கடிவாளம்

முப்பது வருடத்துக்கும் மேலாகக் குதிரை பழக்குகிறேன். டாக்டர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதி உறுத்துகிறது. எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் முதலில் மூன்று மாதம் மெதுவான வேலை என்று வைத்திருந்தது சும்மா இல்லை. தசைநாண், மூட்டு, முதுகு, மனசு எல்லாம் அந்த நிதானத்தில்தான் பழகும். ஆறாவது வாரமே 15 வினாடி விட்டால் துடிப்பான ஃபில்லிக்குத் தலை கெட்டுப்போகும். அப்புறம் ரைடர் கையில் நிற்காது.

---

குளம்படி

> அப்புறம் ரைடர் கையில் நிற்காது.

ஐயா, இந்தக் கவலை நியாயமானது. நான் மெதுவான வேலையை விடச் சொல்லவில்லை. அதன் வாலில் ஒரு துளி வேகத்தைச் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒரு ஃபர்லாங் என்பது 201 மீட்டர். இன்னொரு அமைதியான குதிரையின் பக்கத்தில் விட்டால் அவளுக்கு அது ஓட்டமாகவே தோன்றாது. நீங்கள் சொல்லும் தலை கெடும் விஷயம் நடப்பது, எட்டு வாரம் இழுத்துப் பிடித்துவிட்டு ஒரே நாளில் கடிவாளத்தைத் தளர்த்தும்போதுதான்.

---

பழைய கடிவாளம்

அந்தக் கடைசி வாக்கியம் சரி. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். தம்பியின் லாயத்தில் அந்தக் கெல்டிங் பக்கத்தில் ஓட இருக்கிறது, அதுவே நல்ல வாத்தியார்.

சரி, தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். குதிரை பார்ப்பவரை நிறுத்தலாமா என்று கேட்டாய். அதற்கு முன் காலையில் காலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

குதிரை பாக்ஸைவிட்டு வெளியே வருவதற்கு முன், பேண்டேஜ் கட்டிய காலென்றால் அவிழ்த்துச் சற்று நேரம் விட்டு, வெறுங்கையால் பார்ப்பேன். எப்போதும் இடது முன்னங்காலில் ஆரம்பித்து வலது முன்னங்கால், பிறகு பின்னங்கால்கள். வரிசை மாறினால் கை மறந்துவிடும். முதலில் புறங்கையை வைத்து முட்டியிலிருந்து கீழே மெதுவாக இறக்குவேன், சூடு உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சீக்கிரம் தெரியும். இடதில் தெரிந்த சூடு வலதிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று உடனே பார்ப்பேன். அப்புறம் காலைத் தூக்கி மடக்கி, தசைநாண் தளர்ந்த பிறகு, கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே உருட்டுவேன். நல்ல தசைநாண் இறுக்கமான கயிறு மாதிரி, ஓரம் கூர்மையாக விரலில் நிற்கும். கெடப்போகிறது என்றால் ஓரம் மழுங்கியிருக்கும், ஏதோ ஓர் இடத்தில் வெண்டைக்காய் தடிமனுக்குக் கொஞ்சம் உப்பியிருக்கும், அங்கே அழுத்தினால் குதிரை காதைத் திருப்பும். அந்தக் காதைப் பார். கால் இழுப்பதற்கு ஒரு வாரம் முன்பே காது சொல்லிவிடும்.

பிறகு கெட்டியான சமதரையில் நேராக ட்ராட். முன்னங்கால் வலியென்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை கீழே வரும். பார்க்கிறவன் கயிறு பிடிக்கிறவனாக இருக்க முடியாது, தம்பி. அதற்கு ஆள் இரண்டு வேண்டும். உன் லாயத்தில் அந்த இரண்டாவது ஆளைத்தான் நிறுத்தலாமா என்று கேட்கிறாய்.

இரவு வைத்த தீவனத் தொட்டியில் மிச்சம் இருந்தால் அன்றைக்கு வேக வேலை கிடையாது. வெப்பநிலையும் எடுப்பேன். 37.5-க்கும் 38.5-க்கும் நடுவில் இருந்தால்தான் சேணம். இதெல்லாம் குதிரைக்கு எட்டு நிமிடம் ஆகும், ஒரு காசு செலவில்லை.

---

வைக்கோல் படுக்கை

பழைய கடிவாளம் ஐயாவுக்கு நன்றி. நான் குதிரை பார்க்கிறவன். பதினைந்து வருடம். எங்களைப் பற்றிச் செலவுக் கணக்கில் மட்டும் பேசுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

முன்பு நான் இருந்த லாயத்தில் ஒருவருக்கு மூன்று குதிரை. பணம் குறைந்ததும் ஒருவருக்கு ஆறு குதிரை ஆக்கினார்கள். வேலை எதுவும் நிற்கவில்லை. சாணம் அள்ளினோம், தண்ணீர் வைத்தோம், தேய்த்தோம். காலைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் நின்றுபோனது, அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வருடம் ஒரு நல்ல குதிரையின் தசைநாண் போனது. இரண்டு நாள் முன்பு நான் அதன் காலில் கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். இன்றைக்கும் அந்தக் குதிரையின் முகம் நினைவுக்கு வரும்.

மலிவான உலர்புல் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைப் பிரித்ததும் உதறிப் பாருங்கள். தூசி பறந்தால், பூஞ்சை வாசம் வந்தால் வாங்காதீர்கள். இருமல் வந்த குதிரை வேலை செய்யாது, ஆனால் தின்னும். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள், தரையில் வைத்துக் கொடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

நான் ட்ரெய்னர் இல்லை. இரண்டு சின்ன லாயங்களுக்கு வரவு செலவு எழுதித் தருகிறேன், ஒரு குதிரையில் பங்கும் உண்டு. இங்கே எல்லோரும் வேறு வேறு ஊர், வேறு வேறு பணம். அதனால் ஒரு குதிரையை ஒரு மாதம் வைத்திருக்க ஆகும் முழுச் செலவை "ஒரு மாதம்" என்றே வைத்துப் பேசுகிறேன்.

சின்ன லாயத்தில் எல்லோரும் மாதச் செலவைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, ஒரு ஓட்டத்துக்கு எத்தனை மாதம் செலவாகிறது என்று. உங்கள் கெல்டிங் வருடத்தில் பத்து முறை ஓடினால் ஓர் ஓட்டத்துக்கு 1.2 மாதம். பதற்றக்கார ஃபில்லி நாலு முறை ஓடினால் 3 மாதம். சின்னவள் ஷின்னோடு ஓடி, உடைந்து, ஆறேழு மாதம் நின்று, வருடத்தில் ஒரே ஒரு முறை ஓடினால் அந்த ஒரு ஓட்டத்துக்கு 12 மாதம். தீவனம், படுக்கை, ஆள் கூலி, வாடகை எதுவும் நிற்கிற குதிரைக்குக் குறையாது. உங்கள் பணம் ஓடிப்போகும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது, தொட்டியில் போடும் ஓட்ஸில் இல்லை.

இப்போது லாடத்தைப் பாருங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 13. ஆறு வாரம் என்றால் 9-க்குச் சற்றுக் குறைவு. மிச்சம் நாலு லாடச் செலவு. அதற்காகத் தசைநாணைப் பணயம் வைத்தால் பன்னிரண்டு மாதச் செலவு. நாலு லாடத்தையும் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும்.

அடுத்து, காலி பாக்ஸ். நாலுக்கு வாடகை கொடுத்து மூன்றில்தான் குதிரை நிற்கிறது. உங்கள் தினக் கட்டணத்தை நாலு குதிரை என்று நினைத்துப் போட்டீர்களா, மூன்று என்று நினைத்துப் போட்டீர்களா? பெரும்பாலோர் நாலு என்று போட்டுவிட்டு மூன்றாவது மாதத்தில் தடுமாறுகிறார்கள். இருப்பதைவிட ஒரு குதிரை குறைவாக இருக்கும் என்று நினைத்துக் கட்டணம் போடுங்கள்.

பரிசுப் பணத்தை வரவில் எழுதாதீர்கள். வந்த பிறகு, கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். வரப்போகிறது என்று நினைத்துத் தீவனம் வாங்கிய லாயம் எதுவும் நான் பார்த்தவரை நிலைத்ததில்லை.

ஒவ்வொரு குதிரையின் மாதச் செலவிலும் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். இரண்டு வருடத்தில் அந்தக் குதிரைக்கு இரண்டு மாதச் செலவு கையில் இருக்கும். இதைத் தொட்டால் அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும், ஏன் தொட்டேன் என்று.

பாக்கி வைத்திருக்கும் ஓனர் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. எழுத்தில் என்ன இருக்கிறது?

---

அதிகாலை லாயம்

அண்ணா, எழுத்தில் எதுவும் இல்லை. பழக்கத்தில் ஒப்புக்கொண்டது. நல்ல மனிதர், தொழிலில் ஏதோ சிக்கல் என்கிறார். முகத்தைப் பார்த்துக் கேட்க வரவில்லை.

கட்டணமும் நீங்கள் சொன்ன மாதிரிதான். நாலு குதிரை என்று நினைத்துப் போட்டது. படித்ததும் வயிறு கலங்கிவிட்டது.

---

கணக்குப்பிள்ளை

கேட்க வராது என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்காத பணத்தை இப்போது உங்கள் சின்ன ஃபில்லியும், உங்களிடம் வேலை பார்ப்பவரும், தீவனக் கடைக்காரரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தினக் கட்டணம் எவ்வளவு, அதில் எது எது அடக்கம், லாடமும் மருத்துவரும் பல்லும் ஓட்டச் செலவும் தனி ரசீதா இல்லையா, பணம் எந்தத் தேதிக்குள், தேதி தாண்டினால் எத்தனை நாளில் குதிரை வேலையை நிறுத்தும், அதற்குப் பிறகு எங்கே போகும். எந்த அளவுக்குள் இருந்தால் ஓனரைக் கேட்காமலேயே மருத்துவரை அழைக்கலாம் என்பதையும் எழுதுங்கள். நள்ளிரவில் வயிற்றுவலி வந்து குதிரை உருளும்போது ஓனர் போனை எடுக்காவிட்டால் அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

---

லாடம்

குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். ஆறு வாரம் விட்டால் முன் நுனி நீண்டு குதிகால் தணிந்துவிடும். நீண்ட நுனியைத் தாண்டிக் கால் புரண்டு எழுவதற்கு நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்கப் பின்னால் இருக்கும் தசைநாணும் குளம்புக்குள் உள்ள சின்ன எலும்பும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். மைதானத்தில் மெதுவாக மேயும் குதிரைக்கு ஆறு வாரம் தாங்கும். வேகம் செய்கிற குதிரைக்கு வேண்டாம்.

மிச்சம் பிடிக்க வேறு வழி சொல்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரும்பைக் கழற்றி அலுமினியம் போட்டு, ஓடி முடிந்ததும் திரும்ப இரும்பு மாற்றுகிறீர்களா? குளம்பின் சுவரில் ஆணி ஓட்டை கூடிக்கொண்டே போகும், சுவர் பொடியும், அப்புறம் ஆணி பிடிக்க இடமே இருக்காது. உங்கள் லாடக்காரரிடம் கேட்டு, ஒரே லாடத்தில் பயிற்சியும் ஓட்டமும் ஆகிறதா என்று பாருங்கள். அதில் மாற்றும் செலவு பாதியாகும், குளம்பும் பிழைக்கும்.

---

ஆறு ஃபர்லாங்

பாக்ஸில் நிறுத்து என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் ஏறின குதிரைகளில் ஷின்னுக்காக ஒரு மாதம் நின்று வந்த நாலில் மூன்றுக்கு அதே சீசனில் திரும்ப வந்திருக்கிறது. அப்போது குதிரை பலவீனம் என்றுதான் நினைத்தோம்.

ரைடர் பக்கத்திலிருந்து ஒன்று. 15 வினாடி என்று நீங்கள் நினைப்பதும் ரைடர் கையில் நடப்பதும் ஒன்றில்லை. நல்ல குதிரை 15 போல உணரவைத்துவிட்டு 13 ஓடிவிடும். ஸ்டாப் வாட்ச்சோடு நீங்களே நின்று பாருங்கள், ஓடி முடிந்ததும் ரைடரிடம் எண்ணைச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அவர் தலைக்குள் கடிகாரம் வந்துவிடும்.

---

குளம்படி

தீவனச் செலவைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. அங்கேதான் உண்மையிலேயே குறைக்க இடம் இருக்கிறது.

முதலில் ஒரு தராசு வாங்குங்கள். முகவைக் கணக்கில் (அள்ளிப் போடும் பாத்திரத்தின் அளவில்) தீவனம் போடாதீர்கள். ஒரே முகவையில் ஓட்ஸும் பார்லியும் குருணைத் தீவனமும் வேறு வேறு எடை. நான் போகிற லாயங்களில் எடை போட்டுப் பார்க்கச் சொன்னால் முதல் நாள் எல்லோருக்கும் அதிர்ச்சிதான்.

உலர்புல்லில் கைவைக்காதீர்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே போகவே கூடாது. 480 கிலோ குதிரைக்கு ஈரம் கழித்து 7.2 கிலோ. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்னும்போது மட்டும் இல்லை. மெல்லும்போது வரும் எச்சில்தான் அதற்குக் காப்பு. புல்லைக் குறைத்துத் தானியத்தை ஏற்றிய பந்தயக் குதிரைகளில் வயிற்றுப்புண் மிகச் சாதாரணம், அதற்கான மருந்து நீங்கள் மிச்சம் பிடித்த புல்லைவிடப் பல மடங்கு விலை. வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதீர்கள், அரை மணி முன்பு ஒரு கைப்பிடி குதிரை மசால் (ஒரு தீவனப்பயிர்) கொடுங்கள்.

தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். மேலே போனால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். வயிற்றுவலியும் குளம்பழற்சியும் அங்கிருந்து வரலாம். மூன்று வேளை போடுவது இரண்டு வேளையைவிட நல்லது.

குறைக்க வேண்டியது டப்பாக்களை. உங்கள் அலமாரியில் எத்தனை வகைச் சத்துப்பொடி இருக்கிறது என்று எண்ணுங்கள். பல டப்பாக்களில் ஒரே தாதுக்கள்தான் இருக்கும். செலினியம் போன்றவை கூடினால் விஷம். ஒரு நல்ல தாதுக் கலவை, சாதாரண உப்பு, நல்ல தண்ணீர், இது போதும். வியர்வையில் குதிரை நிறைய உப்பை இழக்கிறது, அதற்கு விலையுயர்ந்த பொட்டலம் தேவையில்லை.

நடு ஃபில்லிக்குத் தசை இறுகுவது தனிச் சிக்கல். பதற்றமான இளம் பெண் குதிரைகளில் அதிகம் பார்க்கிறோம். அடுத்த முறை வந்தால் நடக்க வைக்காதீர்கள், நின்ற இடத்தில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அவசரம். இரத்தத்தில் தசை நொதியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மாவுச்சத்தைக் குறைத்து அந்தச் சக்தியில் ஒரு பகுதியை எண்ணெயாகக் கொடுங்கள். வேலை இல்லாத நாளில் தானியம் பாதிக்கும் கீழே. முழு நாள் பாக்ஸில் அடைப்பதுதான் அவளுக்கு எதிரி. தினமும் கொஞ்சமாவது வெளியே விட வேண்டும்.

பல்லை ஒத்திப்போடாதீர்கள். இரண்டரையிலிருந்து ஐந்து வயதுக்குள் பால் பல் விழுந்து புதுப்பல் வருகிறது, உங்கள் மூன்றும் ஏறக்குறைய அந்த வயதில்தான். வாய் குத்தினால் தீவனம் சிந்தும், தலையை உதறும், வளைவில் வெளியே சாயும். ரைடர் குதிரையைத் திட்டுவார்.

---

பழைய கடிவாளம்

டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. தம்பி, மூன்றில் எதை அனுப்புவது என்று நீ கேட்கவில்லை. ஆனால் எழுதியதைப் படித்தால் அந்தக் கேள்வி உள்ளே இருப்பது தெரிகிறது. கெல்டிங்கை விற்கலாம் என்று மனதில் வைத்திருக்கிறாயோ? ஜெயிப்பதில்லை என்பதால்?

---

அதிகாலை லாயம்

ஆமாம் ஐயா. எழுதக் கூச்சமாக இருந்தது. வாங்க ஆள் இருக்கிறது. அந்தப் பணத்தில் தீவனப் பாக்கி அடையும்.

---

பழைய கடிவாளம்

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கை மறுபடி படி. உன் லாயத்தில் ஓர் ஓட்டத்துக்குக் குறைந்த செலவு எந்தக் குதிரைக்கு? கால் சுத்தமாக, தொட்டியைக் காலி பண்ணுகிற, மாதம் தவறாமல் ஓடுகிற குதிரை சின்ன லாயத்துக்கு வாடகைப் பணம் மாதிரி. அதோடு சின்னவளுக்குப் பக்கத்தில் ஓட அவன்தான் வேண்டும். அவன் ஓட்டத்தை முடிக்கும் நாள் வரும், அப்போதும் கால் நன்றாக இருந்தால் ஏறிப் பழகுகிறவர்கள் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள். ஐந்தாறு வயதில் ஓட்டம் முடிந்தாலும் அதற்குப் பிறகு இருபது வருடம் வாழ்கிற பிராணி அது. கணக்குப்பிள்ளை சொன்ன அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு கிடக்கட்டும், அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன டப்பா வை, ஓட்டம் முடிந்த குதிரைக்கு என்று. முடிந்ததைப் போடு.

---

வைக்கோல் படுக்கை

இந்த டப்பா விஷயத்துக்காகவே ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

---

அதிகாலை லாயம்

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், எழுதுவதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன்.

எக்ஸ்ரேயில் விரிசல் இல்லை. எலும்பின் முன்பக்கம் புது எலும்பு தடித்திருக்கிறது என்றார் மருத்துவர். பத்து நாள் கையில் பிடித்து நடை. பிறகு நடையும் ட்ராட்டும். இந்த வாரம்தான் மெதுவான கேன்டர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆரம்பித்திருக்கிறோம், கெல்டிங் பக்கத்தில். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் கடைசி ஒரு ஃபர்லாங், ஸ்டாப் வாட்ச்சோடு நான் நிற்பேன்.

நடு ஃபில்லியின் ஓனரிடம் பேசினேன். பேசுவதற்கு முன் இரண்டு இரவு தூங்கவில்லை. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன், படித்துவிட்டு அவரே "முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்றார். ஒரு மாதப் பாக்கி வந்தது, மீதி மூன்று தவணை. ஃபில்லியை இரண்டு மாதத்துக்கு மேய்ச்சலில் விட ஒப்புக்கொண்டார். அவளுக்கும் அதுதான் நல்லது, அவருக்கும் தினக் கட்டணத்தைவிடக் குறைவு. எனக்கு இப்போது காலி பாக்ஸ் இரண்டு. அதில் ஒன்றுக்கு, காயம் ஆறி மெதுவாக நடக்க வேண்டிய குதிரை ஒன்று வேறு லாயத்திலிருந்து வருகிறது, நடைக்கு மட்டும் கட்டணம். புதுக் கட்டணத்தை இரண்டு குதிரை என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

தராசு வாங்கினேன். டாக்டர் சொன்னது உண்மை. கெல்டிங்குக்கு ஒரு வேளைக்கு 2 கிலோ என்று நினைத்து 2.7 கிலோ போட்டிருக்கிறேன், இத்தனை மாதமாக. அலமாரியில் ஐந்து டப்பா இருந்தது, இப்போது ஒன்று. லாடம் நாலு வாரம்தான், ஒரே லாடம். கெல்டிங்கை விற்கவில்லை.

குதிரை பார்ப்பவர் இருக்கிறார். காலையில் நான் காலைத் தொடுகிறேன், அவர் கயிறு பிடித்து ஓடுகிறார், மறுநாள் இடம் மாற்றிக்கொள்கிறோம். இரண்டு பேர் பார்த்ததையும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகுதான் ஒப்பிடுகிறோம். முதல் வாரம் பாதி நாள் பொருந்தவில்லை. இப்போது பொருந்துகிறது.

---

பழைய கடிவாளம்

நல்லது தம்பி. இன்று காலை இடது முன்னங்கால் எப்படி இருந்தது?

---

அதிகாலை லாயம்

குளிர்ச்சியாக இருந்தது ஐயா. கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன், காது அசையவில்லை. தொட்டி காலி.